மதினி காது குத்திக்கொண்ட நாள்

மதினி,

நேற்று அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் காது குத்தினார்கள். புண்ணில் தடவ விளக்கெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துச் சூடாக்கினார்கள். அந்த வாசம் சுவர் தாண்டி வந்ததுதான் தாமதம், எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "என்ன அயித்தே, ஒங்களுக்குள்ளயே சிரிச்சுக்கிறீங்க?" என்று மருமகள் எட்டிப் பார்த்தாள். நீங்கள் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் ஆகியும் என்னைச் சிரிக்க வைக்கிறீர்களே, அதை அவளிடம் எங்கிருந்து சொல்ல ஆரம்பிப்பது?

என் மகன் அப்போது கைக்குழந்தை. குழந்தைகளுக்கு வரும் கணைச் சூடு என்று நினைத்து எண்ணெய் தடவிக்கொண்டே இருந்தோம். மூச்சு இழுக்கும்போதெல்லாம் அவன் விலா உள்ளே போய் வரும். திருச்சி டாக்டர்தான் நெஞ்சில் காசம் என்று கண்டு சொன்னார். "ஊசிய நிறுத்தாமப் போட்டா பொழச்சுக்கும். நடுவுல விட்டீங்கன்னா நான் பொறுப்பில்ல" என்றார். மாதக்கணக்கில் போட வேண்டிய ஊசி. தோடும் மூக்குத்தியும் முதலில் போயின. உழவு மாடும் போன பிறகு விற்பதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை.

ஊரார் கொடுக்க மாட்டோம் என்று சொல்லவில்லை. என் வீட்டுக்காரர்தான் வாங்க மாட்டேன் என்றார். "எம் மகனுக்கு நான் உண்டியல் குலுக்குறதா? சும்மா வாங்குனா அது பிச்சை" என்று முறுக்கிக்கொண்டு நின்றார். அந்த மனுஷனை அன்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். பிள்ளை போன பிறகு மானத்தையா மடியில் போட்டுத் தாலாட்டுவீர் என்று கேட்டேன். நீங்கள்தான் குறுக்கே புகுந்தீர்கள்.

"சும்மா எதுக்கு வாங்கணும்? எங்க வீட்டுல விருந்து வைக்கிறோம். சாப்பிட்டுட்டு மொய் செய்யட்டும். நாளைக்கு அவுக வீட்டு விசேஷத்துல நீங்க திருப்பிச் செய்யுங்க. இதுல என்ன கொறைச்சல்?" என்றீர்கள். மொய்யைப் பிச்சை என்று நம் பக்கத்தில் யார் சொல்வார்கள்? அவரும் தலையாட்டினார். தாய்மாமன் என்ற முறையில் உங்கள் வீட்டுக்காரர், என் அண்ணன், பிள்ளைக்குக் காதுகுத்து என்று ஊருக்குச் சொன்னார். நீங்கள் ஆசையாக வளர்த்த இரண்டு கிடாய்களையும் அவிழ்த்துக் கொடுத்தீர்கள்.

அதற்குப் பிறகு டாக்டர் எங்கள் தலையில் குண்டைத் தூக்கிப் போட்டார். பிள்ளையைக் கூட்டத்துக்குள் கொண்டுபோகக் கூடாதாம், காதில் புண்ணாக்கவும் கூடாதாம். விருந்தை நிறுத்த நாளில்லை. உங்கள் வீட்டு வாசலில் பந்தல் நிறைய ஆள். சோறு வடித்துக் கறியும் கொதித்தாகிவிட்டது. நான் பிள்ளையோடு உள்ளறையில் இருந்தேன். விஷயம் தெரிந்து ஊர்ப் பெரியவர் எழுந்தார். "காது குத்தாம மொய் வாங்குற வழக்கம் நம்மூர்ல இல்லப்பா. புள்ள தேறட்டும், அப்புறம் வச்சுக்கலாம்" என்றார். தேறுவதற்குத்தானே மொய்! மறுநாள் ஊசிக்குப் போயாக வேண்டும். என் வீட்டுக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன்.

நீங்கள் கரண்டியைப் போட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி பந்தலுக்கு வந்தீர்கள்.

"காது குத்தணும், அம்புட்டுத்தானே? யாரு காதுன்னு வழக்கத்துல இருக்கா? எனக்கு மேக்காதுல கொப்புக் குத்தாமலே கட்டிக்குடுத்துட்டாக. இந்தா இருக்கு எங்காது, குத்துங்க ஆசாரி!"

அதோடு விட்டீர்களா? தாய்மாமன் மடியில் உட்கார்ந்து குத்துவதுதானே முறை என்று, வல்லத்திராக்கோட்டையிலிருந்து வந்திருந்த உங்கள் கிழட்டு மாமன் மடியில் போய்த் தொப்பென்று உட்கார்ந்தீர்கள். மூன்று பிள்ளை பெற்ற உடம்பு. "ஏ ஆத்தா, எந்திரிடி, எந்தொடை முறிஞ்சிரும்!" என்று அவர் அலறினார். பந்தலே சிரித்தது. பெரியவரும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்த வாயோடு பந்தியில் உட்கார்ந்தார்கள். முதல் மொய்யை அவரே செய்தார். அழுத கண்ணோடு நானும் உள்ளே சிரித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸில் திருச்சிக்குப் போனோம். அதன் பிறகு ஓர் ஊசியும் தவறவில்லை. உங்கள் காதுதான் சீழ் வைத்து வீங்கியது. கொப்பு நகை வாங்க வழியில்லாமல் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு திரிந்தீர்கள். "ஒங்களுக்கும் ஒரு ஊசி போட்டுருவோமா மதினி?" என்று கேட்டால், "போடி போக்கத்தவளே" என்பீர்கள்.

இனி வர வேண்டாம் என்று டாக்டர் சொன்ன அன்று, பஸ்ஸை விட்டு இறங்கி நேரே உங்கள் வீட்டுக்குத்தான் ஓடி வந்தேன். நீங்கள் பிள்ளையைப் பிடுங்கி அவன் நெஞ்சோடு முகத்தை வைத்துக்கொண்டீர்கள். "மூச்சுல எரைச்சலே இல்லடி" என்று சொல்லி ஓவென்று அழுதீர்கள். அப்பாடா என்று நானும் சேர்ந்து அழுதேன். அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன்னும் பின்னும் நான் அறிந்ததில்லை.

அவனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. பேரன் எடுத்துவிட்டான். மத்தியானம் அவன் கண்ணசரும்போது பக்கத்தில் போய் நின்று மூச்சைப் பார்ப்பது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. கண்ணைத் திறக்காமலே, "போ ஆத்தா, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பான்.

"எனக்குத் தெரியும்டா" என்பேன். "ஒங்க அயித்தைக்குச் சொல்லணும்ல."