பதில் சொல்ல வேண்டியவர்

மார்ச் 6

என் கணவரின் தங்கைக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். கேட்டு எழுதச் சொன்னது உன் அண்ணன். எங்கள் நலத்தை நீ நேரிலேயே பார்த்துவிட்டுப் போனாய், பார்த்ததைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டும் போனாய். அதனால் அந்தப் பகுதியை விட்டுவிடுகிறேன்.

போனில் பேச எனக்கும் வாய் இருக்கிறது. ஆனால் உன் அண்ணன் கட்டிலை ஹாலில் போட்டதிலிருந்து இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அவர் காதில் விழுகிறது. மெசேஜ் எழுதி அனுப்பலாம் என்றால், அவருடைய போனை நான் வாங்கி வைத்த பிறகு என் போனைத்தான் எடுத்துப் பார்க்கிறார். ஆகவே கடிதம். பதில் எழுதுவதானால் என் கண்ணாடிக் கடை விலாசத்துக்கு எழுது. லென்ஸ் பார்சல்களோடு என் மேஜைக்கு வந்துவிடும்.

நீ டாக்டர் அறையில் கேட்டதை என்னால் விழுங்க முடியவில்லை. "எங்க அண்ணன் யாருக்கும் தெரியாம சிகரெட் பிடிச்சிருப்பாரோ டாக்டர்? கூடவே இருக்கிற அண்ணிக்குத் தெரியாம இருக்காது." இதுதானே உன் கேள்வி? நீச்சல் குளத்தில் வாழ்நாளைக் கழித்த மனிதர். பாதி ஊருக்கு மூச்சை எப்படி இழுப்பது, எப்படி விடுவது என்று சொல்லிக் கொடுத்தவர். இருமல் வந்தபோது குளத்து மருந்து வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நாங்கள் எல்லோருமே நினைத்தோம். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து, அதை ஊசி போட்டு எடுத்து, சதையைக் கிள்ளிச் சோதித்த பிறகுதான் புற்றுநோய் என்றே தெரிந்தது. புகை பிடிக்காதவர்களுக்கும் வரும் என்று அந்த டாக்டர் உனக்குப் பொறுமையாகச் சொன்னார். நீ தலையை ஆட்டினாய். நம்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் என்னிடம் கேட்டார்: "நீயும் அப்படி நினைச்சியா?" அதற்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று நீயே யோசித்துக்கொள்.

அடுத்த முறை வந்தால் பார்த்துவிட்டு இரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிடு. எனக்கு அவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளத்தான் தெம்பு இருக்கிறது.

உன் அண்ணனின் மனைவி


மார்ச் 14

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. பஸ் கம்பெனி கவுண்டரில் உட்கார்ந்து டிக்கெட் கிழித்துக்கொண்டே படித்தேன். வரிசையில் நின்றவர்கள் என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தார்களோ.

சிகரெட்டைப் பற்றிக் கேட்டேன். பயத்தில் கேட்டேன். ஒரு காரணம் கிடைத்தால் தேவலை என்று இருந்தது. அதற்கு அண்ணனிடம் அன்றைக்கே வருத்தம் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் என் தப்பை எழுதிவிட்டீர்கள், நான் பார்த்ததை எழுதுகிறேன். குளத்திலிருந்து அவரிடம் நீச்சல் படித்தவர்கள் பழங்கள் வாங்கிக்கொண்டு வந்தார்கள். வாசலிலேயே பழத்தை வாங்கிக்கொண்டு ஆட்களைத் திருப்பி அனுப்பினீர்கள். கிருமி ஒட்டும் என்றீர்கள். சரி, போனில் என்ன கிருமி இருக்கிறது? அதை ஏன் பிடுங்கி வைத்தீர்கள்? "கண்டதையும் படிச்சு மனசைக் கெடுத்துக்கறார்" என்று சொல்கிறீர்கள். அது அவருடைய மனசு.

மாத்திரை நேரத்தில் நீங்கள் தம்ளரோடு நிற்பதைப் பார்த்தேன். விழுங்கியதும் "வாயைத் திறங்க" என்று சொல்லி நாக்குக்கு அடியில் பார்த்தீர்கள். ஜெயிலில்கூடக் கொஞ்சம் நம்பிக்கை வைப்பார்கள். டாக்டர் அவரைப் பார்த்து "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். பதில் உங்களிடமிருந்து வந்தது: "நல்லா தாங்கறார் டாக்டர்." நன்றாகத் தாங்குகிறவருக்கு அந்த மாத்திரையால் விரல் நுனியெல்லாம் வெடித்து, நகத்தைச் சுற்றி வீங்கி, சட்டைப் பட்டனைப் போட முடியவில்லை. நான்தான் போட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன செய்கிறது என்று அவரை ஒரு தடவையாவது கேட்டீர்களா?

இரண்டு மணி நேரம் என்று சொல்லிவிட்டீர்கள். வாசலில் பார்வையாளர் நேரம் என்று ஒரு பலகையும் மாட்டிவிடுங்கள்.

சத்து மாவு ஒரு டப்பா பார்சலில் அனுப்பியிருக்கிறேன். காலையில் பாலில் கலந்து கொடுங்கள். அதையாவது திருப்பி அனுப்பாதீர்கள்.

அவரோடு கூடப் பிறந்தவள்


ஏப்ரல் 20

அன்பு, மரியாதை எதையும் எழுதக் கை வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் உன் அண்ணனின் கண்கள் மஞ்சளாகிவிட்டன. ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தால் கல்லீரல் அளவுகள் எங்கேயோ போய் நிற்கின்றன. "வேற என்ன சாப்பிடறார்?" என்று டாக்டர் கேட்டார். "நீங்க எழுதினது மட்டும்தான் டாக்டர், நானே என் கையால கொடுக்கிறேன்" என்றேன். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து சமையலறை அலமாரியைக் கவிழ்த்தேன். உன் சத்து மாவு டப்பாவைத் தட்டில் கொட்டினேன். அடியில் நிறம் வேறாக இருந்தது. கசப்பு வாடை. டப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் முகர்ந்து பார்த்துவிட்டு மூடிவைத்தார். "ஏதோ மூலிகைப் பொடி கலந்திருக்கு. என்னென்ன சேர்த்தாங்கன்னு செஞ்சவங்களுக்கே தெரியாது" என்றார். கல்லீரல் தேறும்வரை புற்றுநோய் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். கல்லீரல் தேறும்வரை அந்தக் கட்டி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்குமா? சொல்.

தினமும் காலையில் என் கையாலேயே கலக்கினேன். கட்டி தட்டாமல் இருக்க வடிகட்டிக் கொடுத்தேன். என் கையால் என் புருஷனுக்கு அதைக் கொடுக்க வைத்தாயே, உனக்கு நான் என்ன செய்தேன்?

அவரிடம் கேட்டேன். "தங்கச்சி நல்லதுக்குத்தான் அனுப்பியிருப்பா, விடு" என்றார். உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. வழக்கம் போல.

இனி இந்த வீட்டுப் படி ஏறாதே. இரண்டு மணி நேரமும் கிடையாது.


ஏப்ரல் 27

அண்ணி,

ஆமாம், நான்தான் கலந்து அனுப்பினேன். வாங்கிய இடத்தில் எந்தக் கெடுதலும் வராது என்றார்கள். நம்பினேன். நம்ப வேண்டியிருந்தது. ஏன் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

உங்கள் கையால் கொடுக்க வைத்ததை நினைத்தால் எனக்கே என் கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனால் நீங்கள் நடத்தும் காவல் சரி என்று இதனால் நான் ஒப்புக்கொண்டதாக நினைக்க வேண்டாம்.

கண் மஞ்சள் குறைந்ததா? ஒரு வரி போதும். திட்டி எழுதினாலும் சரி, அந்த ஒரு வரியைச் சேர்த்து எழுதுங்கள்.

படி ஏறமாட்டேன்.


ஜூன் 2

நாத்தனாருக்கு,

மஞ்சள் போய்விட்டது. நீ கேட்ட வரி அது. முன்பே எழுதியிருக்கலாம். எழுதப் பிடிக்கவில்லை.

கல்லீரல் சரியானதும் மாத்திரையைத் திரும்பத் தொடங்கலாம் என்றார்கள். தம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். மாத்திரையை வாங்கி மேஜை மேல் வைத்துவிட்டு "வேண்டாம்" என்றார்.

"விளையாடாதீங்க. ஏற்கெனவே உங்க தங்கச்சியால எவ்வளவு நாள் போச்சு."

"அவளைச் சொல்லாதே. பொடி வாங்கி அனுப்பச் சொன்னது நான்."

கையில் இருந்த தம்ளரை மேஜை மேல் வைத்தேன்.

"நீ கடைக்குப் போயிருந்தப்போ அவ கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டேன். முடியாதுண்ணான்னு அழுதா. அது வேலை செஞ்சா இந்த மாத்திரையை விட்டுடலாமேன்னு எனக்கு ஆசை. உன்கிட்ட மூச்சு விட்டா எனக்குத் தங்கச்சியே இல்லைன்னு சொல்லிட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"எப்போ சொல்றது? நான் வாயைத் திறந்தா நீ மாத்திரை போடறே."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. நான் சமையலறைக்குப் போய்க் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் எப்படி இருக்கிறது என்று கேட்டதும் வழக்கம் போல "நல்லா" என்று ஆரம்பித்தேன். அவர் என் கை மேல் கை வைத்து "நான் சொல்றேன்" என்றார். சொன்னார். மாத்திரை போட்ட நாட்களில் வயிறு போனது, பஸ் ஏறப் பயந்து நடந்தே போனது, பல் தேய்த்தால் வாயெல்லாம் எரிந்தது, முகத்தில் கொப்புளம் வந்ததால் கண்ணாடியைத் திருப்பி வைத்தது. "எவ்வளவு நாள் இருக்கேனோ தெரியாது டாக்டர், என் சட்டையை நானே போட்டுக்கணும்" என்றார். கண்ணாடி திரும்பி இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். நான்தான் துடைக்கும்போது திருப்பி வைத்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறேன்.

"இதையெல்லாம் முதல்லயே சொல்லியிருந்தா அளவைக் குறைச்சுக் கொடுத்திருக்கலாமே" என்றார் டாக்டர். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பைலைப் பார்த்துச் சொன்னார். அது இன்னும் மோசமாக இருந்தது.

குறைந்த அளவில் தொடங்கியாகிவிட்டது. இந்தத் தடவை விரல்கள் வெடிக்கவில்லை. ஆனால் ஸ்கேனில் கட்டி கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. மாத்திரை நிறுத்திய நாட்களில் வளர்ந்தது. இதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. நீயும் இதைச் சுமந்துகொள்.

அவருக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றினாய், என்னிடம் திட்டும் வாங்கிக்கொண்டாய். அதற்காக உன்னை மெச்ச எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன், உன்னைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். ஆனால் பால் கலக்கியிருக்கமாட்டேன்.

உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார். வரலாம்.

உன் அண்ணனின் மனைவி


ஜூன் 9

அண்ணிக்கு,

கட்டி வளர்ந்திருக்கிறது என்ற வரியில் நின்றுவிட்டேன். அன்றைக்குக் கவுண்டரில் வடக்கே போக வேண்டிய ஒருவருக்குத் தெற்கே போகும் பஸ்ஸில் டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். அவர் திரும்பி வந்து சண்டை போட்டார். அந்தச் சண்டை எனக்குத் தேவைப்பட்டது.

சுமந்துகொள் என்றீர்கள். நீங்கள் சொல்லித்தான் சுமக்க வேண்டும் என்றில்லை. அண்ணன் என்னிடம் இதுவரை எதுவுமே கேட்டதில்லை. சின்ன வயசில் முதுகுக்கு அடியில் கை வைத்து என்னை மிதக்க விட்டவர், அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். நீங்களாக இருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பீர்கள். எனக்கு அந்தத் திடம் இல்லை. அதற்காக உங்கள் மேல் இருக்கும் கோபம் குறைந்துவிடவும் இல்லை. அவர் பேச உங்கள் வீட்டில் இடம் இருந்திருந்தால் என்னிடம் கேட்டிருக்கமாட்டார்.

வரலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். 'வா' என்று எழுதவில்லை. வாசல் நாற்காலியில் உட்கார வைத்துக் கடிகாரத்தைப் பார்ப்பதாக இருந்தால் நான் வரவில்லை. அண்ணனிடம் எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். நானும் அதையே சொல்கிறேன். அந்த ஒரு பொய்யிலாவது நாம் இரண்டு பேரும் ஒத்துப்போவோம்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 13

நாத்தனாருக்கு,

பொய் சொல்லமாட்டேன். இந்த வீட்டில் பொய் போதும்.

வா. சனிக்கிழமைக்கு முன்பே வந்து சேர். உன்னால் முடிகிறவரை இரு. உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே. நீயும் என்னை மன்னிக்க வேண்டாம். எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரி. இந்தத் தடவை நான் போகவில்லை, கடையில் இருப்பேன். நீ அவரோடு போ. ரத்தம் எடுக்கும் இடத்தில் இடது கையைக் காட்டச் சொல், வலது கையில் நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்திப் பார்க்கிறார்கள். வெளியே கூட்டமாக இருந்தால் முகத்துக்கு மாஸ்க். திரும்பி வரும் வழியில் குளத்துப் பக்கம் போக வேண்டும் என்பார். கூட்டிக்கொண்டு போ. கரையில் உட்காரட்டும். தண்ணீரில் இறங்கக் கூடாது.

டாக்டர் கேட்கும் எல்லாவற்றுக்கும் அவரே பதில் சொல்லுவார். நடுவில் யோசித்தாலும், ஏதாவது மறந்துபோனாலும் பரவாயில்லை. நீயும் வாயைத் திறக்கக் கூடாது.

அண்ணி