நூற்றுக்குப் பத்துக் கழிவு

10/6, திங்கள்
விடியமுன்னமே சோளகக் காற்று. வாயெல்லாம் மண். வேலை: லொறியை மூடப் புதுப் படங்கு, மின்சாரக் கட்டணம், மனைவிக்கு இருமல் மருந்து. மருந்து மறந்துபோயிற்று.

சந்தையில் கதலி குவிந்தது. நீர்வேலித் தோட்டக்காரன் செல்வராசாவின் குலைகளைத் தராசில் நிறுத்து, கழிவு சொன்னேன். நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ வாங்கும் வியாபாரிக்குச் சும்மா. கொழும்பு போவதற்குள் நசியும் பழத்துக்கு ஈடு. எல்லோரும் பிடிப்பது, நானும் பிடிக்கிறேன்.

அவன் கத்தியை எடுத்துத் தன் குலையைத் தானே கொத்தத் தொடங்கினான். காய் தெறித்து என் முகத்தில். பால் கண்ணுக்குள்.

"கழிவுதானே வேணும்? இந்தா, முழுக்கக் கழிவு! தின்னு!"

நாலு பேர் அவனைப் பிடித்தார்கள். பிடித்திருக்கும்போதே அறைந்தேன். கை இன்னும் எரிகிறது. சேட்டில் வாழைக்கறை.

மனைவி: "ஆரை வெட்டிப்போட்டு வாறியள்?"

11/6, செவ்வாய்
ஆத்திரம் ஆறவில்லை. லொறி ஏற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வழமையாகப் பார்ப்பதில்லை. குலைக்கு மேல் குலை, அதற்கு மேல் ஆள். குதிக்காலால் உதைத்து இறுக்குகிறார்கள். ஒருவன் பழத்தின் மேல் நின்றபடி ஃபோனில் கதைக்கிறான். லொறி வெளிக்கிட முதலே பாதி நசிந்தாயிற்று. நசிப்பது நாங்கள், கழிவு தோட்டக்காரனுக்கு.

கழிவை விடுவது புண்ணியத்துக்கு இல்லை. முழுப் பழம் போனால் நல்ல விலை. பிளாஸ்ரிக் பெட்டிகளுக்குச் சொல்லிவிட்டேன். குலையைச் சீப்புச் சீப்பாக வெட்டி அடுக்கலாம். தராசடியில் சத்தமாகச் சொன்னேன்: இனி என்னிடம் கழிவு இல்லை.

எதிர்க் கடைக் குணம் வந்தான். ஒருகாலத்தில் என்னோடு மூட்டை தூக்கியவன்.

"என்னண்ணை, கோயில் கட்டப் போறியளோ?"

"பழம் முழுசாப் போனால் எனக்குத்தான் லாபம்."

"நாளைக்குத் தோட்டக்காரர் எங்களிட்டையும் கழிவில்லாமல் எடு எண்டுவாங்கள். அந்தப் பெட்டியளுக்குள்ளை பழம் போகாது, நீங்கள்தான் போவியள்."

13/6, வியாழன்
புருவத்தில் தையல். ஒரு பல் ஆடுகிறது.

காலை பெட்டி அடுக்கும்போது குணமும் மூன்று பேரும். முதலில் வெறும் பெட்டிகளை மிதித்து உடைத்தார்கள். பொறுத்தேன். லொறி ரயரில் கத்தி ஏற்றியதும் பொறுக்க முடியவில்லை. படங்கு இறுக்கும் கம்பியால் குணத்தின் தோளில் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. சந்தோசமாகத்தான் இருந்தது.

பிறகு நான் நிலத்தில். குலை இறுக்குவதுபோலக் குதிக்காலால் நெஞ்சில். மிதித்தவனைப் பிடரியில் பிடித்து இழுத்து விழுத்தியது செல்வராசா; கழிவில்லை என்றதும் காலையில் தன் குலைகளை என் தராசுக்குக் கொண்டுவந்திருந்தான். நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"உங்களுக்காக இல்லை. என்ரை பழம் உந்த லொறிக்குள்ளை."

ரயர் மாற்றி மத்தியானம் லொறி போயிற்று. பொலிசில் இரண்டு பக்கமும் முறைப்பாடு. பழம் நசிந்துபோனால் நாளை ஒரு தோட்டக்காரனும் என் தராசுக்கு வரமாட்டான். அடி வாங்கியதும் வீண்.

14/6, வெள்ளி
வாய் வீக்கம். கஞ்சி. இருமல் மருந்து வாங்கியாயிற்று. மனைவி மறித்தாள், கேட்காமல் கடைக்கு வந்துவிட்டேன்.

கொழும்பு வியாபாரி ஃபோனில்:

"முதலாளி, பழம் அருமை. ஒரு கீறல் இல்ல. நூத்துக்குப் பத்து, வழமையான கழிவு போட்டிருக்கேன்."

"கீறல் இல்லையெண்டு இப்பத்தானே சொன்னியள்! பிறகென்ன கழிவு?"

"கீறலுக்கா போடுறோம்? கழிவுன்னா கழிவுதான்."

ஃபோனைச் சுவரில் அடித்தேன். சிதறியது. பல்லைக் கடித்ததில் ஆடிய பல்லும் கழன்று கைக்குள் வந்தது.

வெளியே லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் சத்தம். செல்வராசா குலைகளோடு. பின்னால் இன்னும் இரண்டு தோட்டக்காரர், இறக்காமல் நிற்கிறார்கள்.

"பழம் எப்பிடியாம்?"

"அருமையாம்."

"அப்ப கழிவு?"

எதிர்க் கடையில் குணம், கையைத் தூக்கிக் கட்டியபடி, காது இந்தப் பக்கம். கழிவு என்ற சொல் என் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருக்கிறான். இரத்தத்தைத் துப்பினேன். கொழும்பில் பிடிக்கும் பத்துக் கிலோவும் என் தலையில்தான். இருக்கட்டும். குணத்துக்கு ஒரு குலையும் போகக்கூடாது.

அவனுக்குக் கேட்கும்படி கத்தினேன்: "இல்லை! ஏத்து தராசுத் தட்டிலை!"