நீர்க்காகத்துக்கு வந்த பணம்

பாய்,

நேற்று ரோலா கடைவீதியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சோப்பு பாட்டிலைக் கைதவறிக் கீழே போட்டுவிட்டார்கள். எலுமிச்சை வாசனை குப்பென்று எழுந்தது. மற்றவர்களுக்கு அது வெறும் எலுமிச்சை. எனக்கு அதோடு கச்சா எண்ணெய் நாற்றமும் சேர்ந்து வந்தது. கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் மவுத்தாகி நாலு மாதம் ஆகிறது. உங்கள் வீட்டுக்கு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லாதவன் இன்றைக்கு உங்களுக்கே எழுதுகிறேன். பதில் வராது என்ற தைரியம்தான்.

கப்பலிலிருந்து கொட்டிய எண்ணெய் இந்த வளைகுடாக் கரையில் ஒதுங்கிய அந்தக் குளிர்காலத்தில் நம் கம்பெனிக்குக் கடற்கரை சுத்தம் செய்யும் வேலை கிடைத்தது. உங்களுக்கு மண்வெட்டி, எனக்குப் பேனா. நான் முதுகுளத்தூர், நீங்கள் தொண்டி. சைட்டில் தமிழ் பேச நாம் இருவர்தான், அதனால் முதல் நாளே நான் உங்களுக்கு மாப்ளை ஆகிவிட்டேன். எண்ணெயில் நனைந்து கரையேறிய நீர்க்காகங்களைக் காப்பாற்ற அரசாங்கம் தனியாகப் பணம் ஒதுக்கியிருந்தது. ஏசி போட்ட கூடாரம், வெந்நீர்த் தொட்டி, வெளிநாட்டிலிருந்து ஒரு டாக்டர். கைப்பதமான ஆள் வேண்டும் என்று கேட்டபோது, பதினோரு வருடம் கறிக்கடையில் நின்றவர் என்று உங்களை எடுத்துக்கொண்டார்கள். உயிரைக் காப்பாற்றக் கறிக்கடைக்காரரைப் பிடித்தார்களே என்று நான் கேலி செய்தேன்.

வெந்நீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. "நம்ம கேம்ப்ல பச்சத் தண்ணிக்கே வரிசை. மாப்ள, உங்க ஆளுகளுக்குத்தான் அடுத்த பிறவி உண்டே, நீர்க்காகமாப் பொறக்கணும்னு இப்பவே கேட்டு வச்சுக்க. எங்களுக்கு அந்த வசதியில்ல."

ஒரு பறவையைக் கழுவ ஒரு மணி நேரம் ஆகும். அலகைப் பிடிக்க ஒருவர், உடம்பைப் பிடிக்க ஒருவர், தேய்க்க நீங்கள். கையெல்லாம் கொத்து வாங்கினீர்கள். ஒன்றைக்கூட ஏசியதில்லை. கழுவி முடிந்ததும் நான் காலில் நம்பர் வளையம் போட்டுப் படிவத்தில் எழுதுவேன். படிவத்தில் இரண்டே கட்டம்தான்: 'சிகிச்சையில்', 'கடலில் விடப்பட்டது'. பிழைக்காது என்று தெரிந்தவற்றுக்கு டாக்டரே ஊசி போட்டு முடித்து, தன் நோட்டில் குறித்துக்கொள்வார். நம் படிவத்தில் சாவுக்கு இடமில்லை.

இரண்டு வாரத்தில் கேமராக்காரர்கள் போனார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே டாக்டரும் போனார், அவருக்கான பணம் அவ்வளவுதானாம். கூடாரம் இருந்தது, சோப்பு இருந்தது. டாக்டருக்கான நிதி முடிந்த விஷயம் பறவைகளுக்குத் தெரியாது, வந்துகொண்டே இருந்தன. அதுவும் கடைசியில் வந்தவை குடலெல்லாம் எண்ணெய் போனவை. கண் ஒட்டிப்போய், வாயில் ரத்தம் கசிய, கூண்டில் மூன்று நாள், நாலு நாள் கிடந்து இழுக்கும். நான் காலையில் போய் 'சிகிச்சையில்' என்று எழுதுவேன். சிகிச்சையில் இருக்கும்வரை கம்பெனிக்குப் பணம் வரும், அதனால் மேனேஜருக்கு அவசரம் எதுவும் இல்லை.

டாக்டரைத் திரும்பக் கூப்பிடச் சொல் என்று நீங்கள் என்னை இரண்டு முறை அனுப்பினீர்கள். மேனேஜர் முதல் முறை பார்க்கலாம் என்றார், இரண்டாம் முறை உன் வேலையைப் பார் என்றார். மறுநாள் நீங்கள் ரூமிலிருந்து கத்தி கொண்டுவந்தீர்கள்.

நான் பார்த்தேன் பாய். ஒவ்வொன்றாகத் துண்டில் சுற்றித் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் கொண்டுபோவீர்கள். அலகைத் திறந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுவீர்கள். கத்தியை முதுகுக்குப் பின்னால் வைத்திருப்பீர்கள். பிஸ்மி சொல்லி ஒரே இழுப்பு. மணலில் புதைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு அடுத்ததற்கு வருவீர்கள். எதற்கு இந்த ஒளிவு என்று கேட்டேன். "அறுக்குற உயிருக்குக் கத்தியக் காட்டக்கூடாது மாப்ள. ஒண்ணு சாவுறத இன்னொண்ணு பாக்கக்கூடாது" என்றீர்கள். பார்க்க வேண்டாம் என்று நீங்கள் நினைத்தது பறவைகளை மட்டும்தான். மேலிடத்திலிருந்து ஆள் வருவார் என்ற நினைப்பே உங்களுக்கு இல்லை.

வந்தார். டேங்குக்குப் பின்னால் நாய் தோண்டிப் போட்டிருந்தது. கழுத்தறுபட்ட பதினாலு நீர்க்காகம், பாதுகாக்கப்பட்ட இனம், ஒவ்வொன்றின் காலிலும் நான் போட்ட வளையம். படிவத்தில் பதினாலும் 'சிகிச்சையில்'.

மேனேஜர் என்னைத் தனியே அழைத்து இந்தியில் பொறுமையாக விளக்கினார். டாக்டர் இல்லாமல் பறவைகள் அழுகிக் கிடந்தன என்று எழுதினால் ஒப்பந்தம் போய்விடும், முப்பது பேருக்கு டியூட்டி போய்விடும். தின்பதற்காக ஒருவன் திருட்டுத்தனமாக அறுத்தான் என்று எழுதினால் ஒருவன்தான் போவான். எண்ணெயில் ஊறிய பறவையை எவன் தின்பான் என்று நான் கேட்கவில்லை. முப்பது பேருக்காக வாயை மூடினேன் என்று இத்தனை நாளும் எனக்கே கதை சொல்லிக்கொண்டேன். உண்மை அதைவிடச் சின்னது. ஊருக்குப் போய் மூன்று வருடம் ஆகி, அப்போதுதான் என் லீவு பாஸாகியிருந்தது, டிக்கெட் பெட்டியில் இருந்தது, பிறந்த மகளை நான் இன்னும் பார்த்திருக்கவில்லை. மேனேஜர் லீவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நானாகவே பயந்துகொண்டேன்.

ஆங்கிலத்தில் நான்தான் எழுதினேன். கையெழுத்து வாங்கவும் என்னையே அனுப்பினார். என்ன எழுதியிருக்கிறாய் என்று நீங்கள் கேட்டால் சொல்லிவிடலாம் என்றுதான் நடந்து வந்தேன். நீங்கள் ஒரு பறவையைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். "நீ எழுதுனதுதானே, கொண்டா" என்று சொல்லி, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டீர்கள். பேனாவைத் திருப்பிக் கொடுத்து, மகளுக்கு என்ன வாங்கியிருக்கிறாய் என்று கேட்டீர்கள்.

விசா ரத்து, இனி இந்த நாட்டுக்குள் வரவே முடியாது என்ற தடை. கேம்பில் வேறு கம்பெனித் தமிழர் யாரோ அந்தத் தாளை உங்களுக்குப் படித்துச் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் ஏறுமுன் என்னிடம் வந்து, "தின்னேன்னா எழுதுன?" என்று மட்டும் கேட்டீர்கள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஊரிலும் உங்களை விடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். விஷயம் வாட்ஸ்அப்பில் உங்களுக்கு முன்னாலேயே தொண்டி போய்ச் சேர்ந்துவிட்டது. டீக்கடையில் பையன்கள், பொரிக்க எண்ணெய் தனியாக வேண்டாம் போலிருக்கிறதே பாய் என்று கேட்பார்களாம். நீங்கள் டீக்கடைக்குப் போவதையே நிறுத்தினீர்கள். ஒருவரிடமாவது, இதை எழுதியவன் முதுகுளத்தூர்க்காரன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் விசாரித்துப் பார்த்தேன், அந்த அளவுக்கு நான் கேவலமானவன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மதியம் உங்களிடமிருந்து போன் வந்தது. ஏசுவீர்கள், வாங்கிக்கொள்ளலாம் என்று எடுத்தேன். நெஞ்சில் அடைப்பு என்று மதுரை ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னீர்கள், குரல் மெலிந்திருந்தது. என் மகளை விசாரித்தீர்கள். பிறகு, "மாப்ள, நான் வந்ததுக்கப்புறம் கரையேறுன பறவைகள யாரு பாத்தா?" என்று கேட்டீர்கள்.

யாரும் பார்க்கவில்லை பாய். நீங்கள் போன பிறகு கூண்டுக்கு ஆள் காவல் போட்டார்கள், யாரும் அறுத்துவிடக்கூடாது என்று. நாற்பதுக்கு மேல் வந்தன. ஒவ்வொன்றும் தானாகச் சாகும்வரை கிடந்தது. சிலது ஐந்து நாள். நான் தினமும் 'சிகிச்சையில்' என்று எழுதினேன். செத்ததைப் பையில் கட்டி அனுப்பிவிட்டு, 'கடலில் விடப்பட்டது' என்று எழுதினேன். கம்பெனிக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது.

போனில் நான் சொன்னது இதுதான்: "டாக்டர் திரும்பி வந்துட்டாரு பாய். எல்லாத்தையும் அவரே பாத்துக்கிட்டாரு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றீர்கள். "அப்ப நான் ஊருக்கு வந்தது வீண் இல்ல" என்றீர்கள். மனதார மகிழ்ந்துதான் சொன்னீர்கள், குரலிலேயே தெரிந்தது. அடுத்த வாரம் உங்கள் மவுத்துச் செய்தி வந்தது.