மூடாமல் விட்ட பனை

காஸல், ஜெர்மனி, 12 மார்ச் 2012

அன்புள்ள வீப்கே,

உன் விசிறிப்பனையின் நடுக்குருத்து நேற்றுக் காலை என் கையோடு வந்துவிட்டது. மெதுவாகத்தான் இழுத்துப் பார்த்தேன். அடி கறுத்து அழுகியிருந்தது. பார்த்தது நானும் பக்கத்து வீட்டு டெட்லெஃபும். அவன் சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது என்று உடனே எழுதுகிறேன்.

பிப்ரவரி 6 அன்று மைனஸ் பத்தொன்பது. மரத்துக்கு நான்கு சுற்றுக் குளிர்த்துணி, அதன்மேல் பாலித்தீன், உள்ளே சூட்டுக்குப் பழைய பல்புச் சரம். டெட்லெஃப் வேலியில் சாய்ந்துகொண்டு, "என்னய்யா, அடக்கத்துக்கு ரெடியா கட்டி வெச்சிருக்க?" என்றான். மரம் அந்தக் குளிரைத் தாங்கியது. பதினெட்டாம் தேதி வெளியே பத்து டிகிரி, நல்ல வெயில். மைனஸ் எட்டுக்கு மேலே வந்ததும் திற என்று நீ எழுதிக் கொடுத்திருந்தாய். நான் திறக்கவில்லை. இன்னொரு குளிர் வந்துவிட்டால் என்று பயந்து மூன்று வாரம் மூடியே வைத்திருந்தேன்.

லிஸ்பன் வேலையை விட்டு என்னிடம் திரும்புவாயா என்று ஜூனுக்குள் சொல்வதாக எழுதியிருந்தாய். இந்தச் செய்தி அந்த முடிவைக் கெடுக்கலாம். மறைக்க மனமில்லை.

ஹென்னிங்

லிஸ்பன், 19 மார்ச்

அன்புள்ள ஹென்னிங்,

முதலில் மரம். பச்சை ஓலை எதையும் வெட்டாதே. குருத்து இருந்த குழியில் மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்று. நுரைக்கும். நுரை நிற்கும்வரை மூன்று நாளுக்கு ஒருமுறை ஊற்று. பிறகு சும்மா இரு. உனக்கு அதுதான் கஷ்டம்.

இங்கே தெருவெல்லாம் பனை. ஒன்றின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். காய்கறிக்காரி, "என்னம்மா, பூனை ஏறிடுச்சா?" என்றாள்.

மரத்தைக் குளிர் ஒன்றும் செய்யவில்லை, ஹென்னிங். வெயில் வந்த பிறகும் நீ அவிழ்க்காததுதான் அழுக வைத்தது. அந்த வீட்டில் எனக்கும் அப்படித்தான் மூச்சு முட்டியது. பல் டாக்டரிடம் போனால்கூட வாசலில் காருடன் நிற்பாய். அன்பு என்று தெரிந்ததால்தான் மூன்று வருடமாக இதைச் சொல்லவில்லை.

வீப்கே

காஸல், 16 மே

அன்புள்ள வீப்கே,

குருத்துக்குழியில் புதிய பச்சை முனை. இன்று காலை அளந்தேன், பதினொரு மில்லிமீட்டர்.

முந்தாநாள் மைனஸ் மூன்று வரும் என்று வானொலியில் சொன்னார்கள். கடைசிக் குளிர் திரும்பி வரும் மே மாதப் பனிப் புனிதர்களின் நாட்கள் அல்லவா, தெருவே தக்காளிச் செடியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடியது. டெட்லெஃப் வந்தான்.

"நீ இன்னும் மூடலையா?"

"மூடல."

"போய்த் தொலையட்டும்னு விட்டுட்டியா?"

"இல்லடா. தாங்கும்னு விட்டிருக்கேன்."

"யாரு, நீயா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

குளிர்த்துணி கையில்தான் இருந்தது. அதை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய், கைக்கு வேலை வேண்டுமே என்று உருளைக்கிழங்கு உரித்தேன், இரண்டு பேருக்குத் தேவையானதைவிட அதிகமாக. மறுநாள் காலையில் மைனஸ் இரண்டரை. முனைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது விரிந்து ஓலையானால்தான் மரம் பிழைத்தது என்று எழுதுவேன். ஜூன் கடைசிக்குள் தெரியும்.

நீ எழுதியதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. பல் டாக்டரோடு கண் டாக்டரையும் சேர்த்துக்கொள், அங்கேயும் காருடன் நின்றிருக்கிறேன்.

ஹென்னிங்

லிஸ்பன், 4 ஜூன்

அன்புள்ள ஹென்னிங்,

வேலையை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கும் ஒப்பந்தம் இன்று வந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன் என்றும் அவர்களிடம் சொல்லவில்லை. கையெழுத்துக்கு 30ஆம் தேதி கடைசி நாள்.

22ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, மாலை ரயிலில் வருகிறேன். ஒரு வாரம் நம் வீட்டில்தான் தங்கப்போகிறேன். ஸ்டேஷனுக்கு வராதே. டிராமில் நானே வந்துவிடுவேன். மழை பெய்தாலும் வராதே.

முடிவை 29ஆம் தேதி, சமையலறை மேசையில் உட்கார்ந்து சொல்கிறேன். அதுவரை கேட்காதே.

உன்
வீப்கே