பால் வற்றிய கதிர்கள்

அன்பு மகள் மோர்வெனுக்கு, இங்கே நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்கால் மட்டும் வழக்கம்போல் முரண்டு பிடிக்கிறது. நியூசிலாந்துக் குளிர் உன்னை வாட்டாமல் இருக்கிறதா? மருந்துக் கடை டூகல்டை மன்னித்துவிடு என்று எழுதியிருந்தாய். என்னால் முடியவில்லை கண்ணு. தூக்க மருந்துக்கென்று நாம் நகத்தால் நசுக்கினால் பால் தெறிக்கிற பச்சை ஓட்ஸ் கதிராகப் பார்த்துப் பறித்துக் கொடுக்க, அவன் அதை வெளியூரில் விற்றுவிட்டு, கதிருக்குப் பதில் வைக்கோலைச் சாராயத்தில் ஊறவைத்து நம் பெயரில் விற்றான். மருந்து குடித்தும் மனம் அடங்கவில்லை, தூக்கம் வரவில்லை என்று ஆட்கள் வந்து கேட்டதும், "பாட்டில்ல அடைச்ச இஷ்பெல் பொண்ணுதான் தண்ணி கலந்துட்டா"ன்னு கடை வாசலில் நின்று சொன்னான். நீ ஊரைவிட்டே போனாய். மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

போன சனிக்கிழமை விவசாயக் கண்காட்சியில் மேஜை நிறைய பாட்டில், பக்கத்தில் ஒரு கட்டுக் கதிர், காலையில் அறுத்த பால் கதிர் என்று கூவிக்கொண்டிருந்தான். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "ஒண்ணே ஒண்ண நசுக்கிக் காட்டு டூகல்ட், போதும்" என்றேன். அவன் கை வைக்கவில்லை. நானே நசுக்கினேன். உமிதான் உதிர்ந்தது. "காலைல பால் இருந்துச்சு இஷ்பெல், வெயில்ல காஞ்சிருச்சு" என்றான். பின்னாலிருந்து யாரோ, "இந்த மழை ஊரு வெயில்லயா?" என்று கேட்க, கூட்டமே சிரித்தது. அப்போதுதான் அவன் கடையில் முன்பு வேலை பார்த்த எஃபி முன்னால் வந்து, "அன்னிக்கும் வைக்கோல்தான், ஊற வச்சதே நான்தான், மோர்வென் மேல ஒரு தப்பும் இல்ல" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். இத்தனை நாள் வாயை மூடியிருந்ததற்கு அவள்மேலும் எனக்குக் கோபம்தான்.

செவ்வாய்க்கிழமை டூகல்ட் நம் வாசலுக்கே வந்தான். "ராத்திரி கண்ண மூட முடியல, ஒரு பாட்டில் குடுங்க" என்றான். என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் நம் மருந்து ஆறு பாட்டில் இருந்தது அவனுக்கும் தெரிந்தது. "அடுத்த ஜூலைல கதிர் பால் பிடிக்கும், அப்ப வா" என்று கதவைச் சாத்தினேன். உன் அப்பா நான் செய்தது தப்பு என்கிறார். இருக்கட்டும்.

நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும். வெளியே போகும்போது கம்பளித் தொப்பியை மறக்காதே. மோர்வென் எப்போ வருவா என்று இப்போது ஊரே விசாரிக்கிறது. கொஞ்ச நாள் அவர்களும் காத்திருக்கட்டும்.

உன் அம்மா,
இஷ்பெல்