சவரியோடு போன நோட்டு

இயேசு மரி சூசை துணை

தருமபுரி,
10-11-1985, ஞாயிறு.

அன்பு மகள் புஷ்பத்துக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் திருச்சியில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்று நீ எழுதியதைப் படித்ததும் உன் அம்மா சிரித்தாள், அடுத்த வரிக்குப் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. வெக்டர் கால்குலஸ் பேப்பரில் இரண்டு டெஸ்டிலும் ஃபெயில், இனி இந்தக் கணக்கு எனக்கு ஆகாது, கிறிஸ்மஸ் லீவுக்கு வரும்போது பெட்டி படுக்கையோடு வந்துவிடுகிறேன், டீச்சர் ட்ரெய்னிங்கில் சேர்த்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். கடைசியில், அண்ணனுடைய நோட்டு இருந்திருந்தால் எப்படியாவது தேறியிருப்பேன், நான்கு கடிதத்தில் கேட்டும் தேடுகிறேன் தேடுகிறேன் என்றே பதில் வருகிறதே அப்பா என்று ஒரு வரி. அந்த வரிக்குப் பதில் சொல்லத்தான் இன்று பூசை முடிந்து வந்த கையோடு உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் பேனா வேறு பக்கமே போகிறது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, தைலம் தேய்த்துக்கொண்டு தானே மாட்டைக் கட்டுகிறாள், நான் கட்டினால் முடிச்சு சரியில்லையாம். சிவப்பி கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. மழை இந்த வருஷம் பரவாயில்லை, பட்டறைக் கூரை மட்டும் ஒழுகி எனக்கு ஒரு டப்பா பெயிண்ட் வீணாகப் போனது. போன வாரம் சனிக்கிழமை கல்லறைத் திருநாளுக்கு அண்ணனுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தோம், காற்று அணைத்துக்கொண்டே இருந்தது, உன் அம்மா முந்தானையால் மறைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

புஷ்பம், நோட்டை நான் தேடவே இல்லை. அது இருக்கும் இடம் எனக்குத் தெரியும். அது உன் அண்ணன் சவரியோடு பெட்டிக்குள் இருக்கிறது. நான்தான் வைத்தேன். அன்று நீ மயங்கி உள்ளே கிடந்தாய், அதனால் பார்த்திருக்க மாட்டாய். நம் ஆட்கள் பெட்டி மூடுவதற்கு முன்னால் செத்தவருக்குப் பிரியமானது எதையாவது உள்ளே வைப்பார்கள் அல்லவா, உன் அம்மா அவன் கையில் செபமாலையைச் சுற்றினாள், உன் சித்தி அவனுடைய நீலச் சட்டையை மடித்து வைத்தாள், நான் எழுந்துபோய் அலமாரியிலிருந்து அந்தப் பழுப்பு அட்டை நோட்டை எடுத்து வந்து அவன் நெஞ்சின் மேல் வைத்தேன். ராத்திரி அதை நெஞ்சின் மேல் கவிழ்த்துக்கொண்டுதானே அவன் தூங்குவான். சுற்றி நின்றவர்கள் எல்லாம் அதைப் பார்த்துத்தான் அதிகமாக அழுதார்கள், பெத்தவன் பாசத்தைப் பாருங்க என்று சொல்லி அழுதார்கள். ஃபாதர் என் தோளைத் தட்டினார். இப்போது உனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன், நான் பாசத்தில் வைக்கவில்லை, கோபத்தில் வைத்தேன். அந்தச் சனிக்கிழமை காலையில் நடந்தது உனக்குத் தெரியாது, நீ பிளஸ் டூ ஸ்பெஷல் கிளாஸுக்குப் போயிருந்தாய். மறுநாள் பூஜை போட்டு எடுக்க வேண்டிய புது லாரி ஒன்று பேர் எழுதுவதற்காகப் பட்டறையில் நின்றது, ஒரே நாளில் ஒரு கையால் எழுதி முடிகிற வேலை இல்லை, கூட வந்து ஒரு பக்கம் எழுதடா என்று கூப்பிட்டேன். சேலத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் வெக்டர் கணக்குப் புத்தகம் ஒன்று இருக்கிறது, திங்கட்கிழமை புதுப் பாடம் ஆரம்பிக்கிறார்கள், அதற்குள் வாங்கிவிட வேண்டும் என்றான். எனக்கு வந்ததே கோபம். கணக்கு சோறு போடுமாடா, போ, அந்த நோட்டக் கட்டிக்கிட்டே கெட என்று கத்தினேன். அவன் சாயங்காலம் வந்து எழுதிக் குடுக்கறேங்கப்பா என்று சொல்லிவிட்டு பஸ் ஏறப் போனான். பதினோரு மணிக்கெல்லாம் தொப்பூரிலிருந்து ஆள் வந்துவிட்டது, இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி ஒன்று பின்னாலிருந்து பஸ்ஸில் மோதிவிட்டது என்று. மற்றதெல்லாம் உனக்குத் தெரியும். பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போது என் மனதில் இருந்ததெல்லாம் அந்த நோட்டின் மேல் இருந்த ஆத்திரம்தான், நீதானே என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாய், நீயும் போ என்று நினைத்துத்தான் வைத்தேன். அதனால்தான் நீயும் பி.எஸ்ஸி. கணக்கில் சேருகிறேன் என்றபோது அப்படிக் குதித்தேன், அப்ளிகேஷனில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன், உன் அம்மா போட்டாள்.

போன மாதம் உன் மூன்றாவது கடிதம் வந்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிற அர்ச்சுனனிடம் போய், திறந்து எடுக்க வழி உண்டா, ஃபாதரிடம் நான் கேட்டுக்கொள்கிறேன் என்றேன். அவன் மண்வெட்டியைக் கீழே வைத்தான். ரெண்டு மழக்காலம் போயிருச்சுங்க, காயிதம் எங்கீங்க இருக்கும், தெறந்தா நீங்கதான் தாங்க மாட்டீங்க, வூட்டுக்குப் போங்க என்றான். திரும்பி வந்துவிட்டேன். அடுத்த நாளே பாப்பாரப்பட்டி பஸ் ஏறினேன். அண்ணனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த மாதேஸ்வரனை உனக்கு ஞாபகம் இருக்கும், நம் வீட்டில் வந்து களியும் கீரையும் சாப்பிட்டவன், இப்போது வேலைக்கு எழுதிப்போட்டுவிட்டு அங்கே டியூஷன் எடுக்கிறான். அவனிடமாவது அந்தப் பாட நோட்டு இருக்குமா என்று கேட்கத்தான் போனேன். அவன் தன்னுடைய நோட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, சவரி நோட்டுதானுங்களே புஷ்பத்துக்கு வேணும், அது எங்கீங்கப்பா என்றான். எதற்கு என்று கேட்டேன். அது கிளாஸ் நோட்டே இல்லையாம். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்து இங்கிலீஷில் இந்தப் பேப்பரைப் படிக்க அவன் பட்ட பாடு நீ படக்கூடாது என்று, சார் நடத்துகிற ஒவ்வொரு பாடத்தையும் அன்றன்றைக்கே தமிழில் திருப்பி எழுதிக்கொண்டு வந்தானாம், எங்கே எங்கே உனக்குத் தப்பு வரும் என்று ஓரத்தில் குறித்துக்கூட வைத்தானாம். என் தங்கச்சி கணக்குதான்டா எடுப்பா, அவ செகண்ட் இயர் வரும்போது குடுப்பேன், அது வரைக்கும் அவகிட்ட சொல்லாத என்றானாம். புஷ்பம், நான் அந்த நோட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. உள்ளே இங்கிலீஷ்தானே இருக்கும், எனக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். தமிழ் படிக்கத் தெரிந்தவன்தான் நான். முதல் பக்கத்தைப் புரட்டியிருந்தால் உன் பேர் இருந்திருக்கும். உன் அண்ணன் உனக்கு எழுதியதை நான் மண்ணில் போட்டுவிட்டேன்.

மாதேஸ்வரனுடைய தம்பி அடுத்த வருஷம் அதே பாடம் படிக்க வேண்டும், அதனால் அவன் நோட்டை அடியோடு வாங்கிக்கொள்ள மனமில்லை, பதினைந்து நாள் இரவல் கேட்டு வாங்கிவந்து முழுவதையும் நானே பார்த்து எழுதிவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறையில் உட்கார்ந்து எழுதினேன். சிரிக்காதே. படிக்கத் தெரியாத எழுத்தை எழுதுவதுதானே என் பிழைப்பு, பெங்களூர் வண்டிக்குக் கன்னடத்தில் எழுதுகிறவனுக்கு உன் கணக்கு எழுத்து எம்மாத்திரம் என்றுதான் ஆரம்பித்தேன். தலைகீழாக நிற்கிற முக்கோணம் ஒன்று பக்கத்துக்குப் பத்து வருகிறது, பாம்பு நெளிகிற மாதிரி நீளக் கோடு சில இடத்தில் ஒன்று, சில இடத்தில் மூன்று சேர்ந்தாற்போல வருகிறது, கோணல் இல்லாமல் போட்டிருக்கிறேன். ஒரு தப்பு செய்துவிட்டேன். எழுத்துகளின் தலைக்கு மேலே சின்னச் சின்ன அம்புக்குறி இருந்தது, நாங்கள் லாரியில் எழுத்துக்கு மேல் பூ போடுவது போல அழகுக்குப் போட்டிருக்கிறான் பையன், நமக்கு எதற்கு என்று அதையெல்லாம் விட்டுவிட்டு முப்பது பக்கம் எழுதிவிட்டேன். மாதேஸ்வரன் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான். அய்யோ அப்பா, அம்பு இல்லைன்னா கணக்கே வேறீங்க, எந்தப் பக்கம் போவுதுங்கறதே அதுலதானுங்க இருக்குது என்றான். பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் காட்டக் காட்ட முப்பது பக்கத்துக்கும் சிவப்பு மையில் அம்பு போட்டேன். சிவப்பில் இருப்பதைப் பார்த்துக் குழம்பாதே, தப்பு என்னுடையது, கணக்கினுடையது இல்லை. தண்ணீர் ஒரு இடத்தில் சுழல்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்கிற கணக்கு ஒன்றை எனக்கு விளக்கினான், ஒகேனக்கல்லில் பரிசல்காரன் கண்ணால் பார்த்துச் சொல்வதற்கு நான்கு பக்கமா என்று கேட்டேன், அவன் சிரித்துவிட்டு, சவரியும் இதையேதான் சொன்னானுங்கப்பா என்றான். பிறகு அடுத்த பக்கத்தைப் புரட்டினான்.

நேற்று உன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். இரண்டு வருஷமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம், அவங்க அப்பா நோட்டக்கூடப் பிரிக்க மனசில்லாம அவனோடயே வெச்சு அனுப்பினாருங்க என்று சொல்லிக்கொண்டிருந்தவள் இதை எப்படித் தாங்குவாளோ என்று பயந்துதான் சொன்னேன். அவள் கன்றுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள், திரும்பக்கூட இல்லை. எனக்குத் தெரியுங்க, நீங்க வெக்கலைங்க, போட்டீங்க, நான் பக்கத்துலதானே நின்னேன் என்றாள். ஆனால் உனக்காக எழுதிய நோட்டு என்று சொன்னபோதுதான் வாளியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். ராத்திரி எனக்குச் சோறு மட்டும் போட்டாள்.

நோட்டைத் துணியில் தைத்து நாளை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். வார்டன் சிஸ்டர் கையில் கொடுத்தால் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள். அதில் ஓரக் குறிப்பு எதுவும் இருக்காது, தமிழும் இருக்காது, உன் அண்ணன் எழுதியதற்கு அது ஈடு இல்லை, எனக்குத் தெரியும். இன்னொன்றும் சொல்ல வேண்டும், கடைசிப் பாடம் அதில் இல்லை. ஸ்டோக்ஸ் தேற்றம் என்று தலைப்பு மட்டும் இருக்கிறது, அதற்குக் கீழே வெறும் தாள். மீதி எங்கே என்று மாதேஸ்வரனைக் கேட்டேன். வெள்ளிக்கிழம மணி அடிக்கும்போது சார் தலைப்ப மட்டும் எழுதிப் போட்டுட்டு திங்கக்கிழம பாக்கலாம்னாருங்க, திங்கக்கிழம நான் போகலீங்கப்பா, அதுக்கப்புறம் அந்தப் பக்கத்தத் தெறக்க எனக்கு மனசு வரலீங்க என்றான். அந்தக் கேள்வியை விட்டுவிட்டுத்தான் பரீட்சை எழுதினானாம். சவரியும் அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை. அதற்குத்தான் சேலத்துக்குக் கிளம்பினான். நான் பத்து வெள்ளைத் தாள் சேர்த்துத் தைத்திருக்கிறேன், உங்கள் மேடம் அந்தப் பாடம் நடத்தும்போது நீ அதில் எழுது. டீச்சர் ட்ரெய்னிங் எங்கும் ஓடிவிடாது, ஏப்ரல் பரீட்சையை எழுதிவிட்டு வந்து கேள், நானே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்க்கிறேன். என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை, அது உன் இஷ்டம். ஒரு பிள்ளையை இந்தக் கணக்குக்காகத் திட்டி அனுப்பினேன், நீ இதைப் படி என்று உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆண்டவரும் வேளாங்கண்ணி மாதாவும் உனக்குத் துணை இருக்கட்டும், உன் புத்தியும் உடம்பும் நன்றாக இருக்கட்டும். கிறிஸ்மஸுக்குப் பெட்டி படுக்கை இல்லாமல் ஒரு பை மட்டும் எடுத்துக்கொண்டு வா, சேலத்திலிருந்து ரயிலில் வா, பஸ் வேண்டாம், ஸ்டேஷனுக்கு நான் வந்து நிற்கிறேன். என்னிடம் பேசப் பிடிக்கவில்லை என்றால் பேசாமலே கூட நடந்து வா.

இப்படிக்கு,
உன் அப்பா,
போர்டு அருள்சாமி.