வண்டியை உதைக்காதீங்க

ஏங்க, வண்டியை உதைக்காதீங்க! என்ஜின்ல சொட்டு ஆயில் இல்லை. எல்லாம் அடியில இருக்கற பேசின்ல வடிஞ்சு கிடக்கு.

நேத்து ஆயில் மாத்த நீங்க மல்லுக்கட்டின அடி போல்ட்டை நான் கழட்டிட்டேன். அது துருப்பிடிச்சு இறுகலை. மேலேருந்து குனிஞ்சுக்கிட்டு நீங்கதான் இறுக்கியிருக்கீங்க. நான் சாக்கை விரிச்சு அடியில படுத்து, எதிர்ப்பக்கமா திருப்பினேன், வந்துடுச்சு. இதைத்தான் நேத்தே சொன்னேன். "நீ டார்ச்சை மட்டும் பிடி"ன்னு கத்துனீங்க.

மன்னார்குடி பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிக்கிறான். கத்திரிக்காய்க் குழம்பு மூடியிருக்கு. மடை பாத்துட்டு வந்ததும் சாப்பிட்டுட்டு, உரக்கடைக்கு சைக்கிள்ல போங்க.

ஷோபனா

போல்ட் உப்பு ஜாடி பக்கத்துல இருக்கு. திரும்பவும் சொல்றேன், உதைக்காதீங்க.

தொடவும் தொடாதீங்க. சாயங்காலம் வந்து நானே மாட்டுறேன். நீங்க டார்ச்சைப் பிடிங்க.